ஈரல்காளான் நடந்த தடம்

காளான் நடக்குமா என்று கேட்டால், நடக்காது என்றுதான் படித்தவர்கள் சொல்வார்கள். படிக்காதவர்களும் அதையேதான் சொல்வார்கள். ஆனாலும் சித்தேரி மலையில் அது பதினோரு நாள் நடந்தது. வனத்துறை நோட்டிலேயே இருக்கிறது. எழுதியவர் தீர்த்தன். அவருக்குப் பொய் சொல்ல வராது என்பது மலைக்கே தெரியும். வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார். காளான் நடந்து வந்தது அந்தப் பொய்யைத் தேடித்தான் என்று அவர் நினைத்தார். அங்கேதான் கொஞ்சம் பிசகிவிட்டது.

தீர்த்தனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கொஞ்சம் சாமை, கொஞ்சம் தினை, நான்கு ஆடு. அது போக வனத்துறையில் தற்காலிகக் காவலர் வேலை. யானையைக் காக்கிற வேலையில்லை, சந்தன மரத்தைக் காக்கிற வேலையும் இல்லை. காளானைக் காக்கிற வேலை. அதிலும் காளான் கிடையாது, காளான் முன்பு முளைத்த இடம்தான். ஒரு கரையான் புற்று, புற்றைச் சுற்றி இருபது சென்ட் காடு, காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு தீர்த்தன். காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள். விசிலை எதைப் பார்த்து ஊதுவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் புற்றைச் சுற்றிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்று வருடமாக அவர் எழுதியது ஒரே வாசகம்: 'இன்று காளான் இல்லை.' வனவர் முருகேஷ் மாதா மாதம் பைக்கில் ஏறி வந்து, அத்தனை இல்லைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவார்.

அந்தக் காளானுக்கு மலையில் ஈரல்காளான் என்று பெயர். குடை ஆட்டு ஈரல் நிறத்தில் இருக்கும், தண்டு பால் வெள்ளை. முதல் மழையில் யாரோ மிளகு இடித்த மாதிரி ஒரு வாசனை. புரட்டாசியில் இடி இடித்துப் பெய்தால் மறுநாள் விடியலில் புற்றோரம் முளைத்திருக்கும். வேறு எங்கும் இது கிடையாது என்று பானுமதி சொன்னாள். பானுமதி பென்னாகரத்துப் பெண், காளான் ஆராய்ச்சி செய்கிறவள். அவள் அதற்கு ஒரு லத்தீன் பெயர் சொல்வாள். அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிடலாம். அழிந்துகொண்டிருக்கும் உயிர்களின் பட்டியலில் அந்தப் பெயர் ஏறிய பிறகுதான் வேலியும் விசிலும் வந்து சேர்ந்தன.

முன்பெல்லாம் கூடை கூடையாக வந்ததுதான். அதை எடுக்க ஒரு முறை இருந்தது. கூட்டத்தில் பெரியதாய், குடை விரிந்து ஓரம் கிழிந்து நிற்பது ஆத்தாக்காளான். அதைத் தொடக் கூடாது. அதன்மேல் ஒரு மந்தாரை இலையைக் கவிழ்த்து, "இருந்துக்கோ ஆத்தா, வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். போகிறோம் என்ற பேச்சு கூடாது. கூடையில் இருப்பதை எண்ணவும் கூடாது. வீட்டில் குழம்பை இறக்கியதும், முதல் வாய் வைப்பதற்கு முன்னால் யாராவது கேட்பார்கள்: "ஆத்தாவ வுட்டுட்டு வந்தாச்சா?" எடுத்தவர் சொல்வார்: "வுட்டுட்டு வந்தாச்சு." அதற்குப் பிறகுதான் சோறு.

அப்புறம் கீழேயிருந்து வேன் வந்தது. கிலோ கணக்கில் கேட்டது. மலையில் பாதிப் பேருக்கு முறை மறந்துபோனது. மீதிப் பேர் முறையை ஞாபகம் வைத்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார்கள். ஒவ்வொரு புற்றாகச் செத்து, கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் ராமக்கா கடப்பாரைக்காரர்களுக்கு எதிரே புற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டதால் மிஞ்சியது. கரையான் கடித்துக் கடித்து அவள் சேலையில் பாதியைத் தின்றுவிட்டது, அவள் எழுந்திருக்கவில்லை என்று மலையில் சொல்வார்கள்.

ராமக்கா தீர்த்தனின் மனைவி. குள்ளம். சின்ன வயதில் பாறையில் விழுந்ததில் இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பிவிட்டது. நடக்கையில் வலது காலுக்கு நீள எட்டு, இடது காலுக்குக் குட்டை எட்டு. தீர்த்தன் நெட்டை, வேகமாக நடப்பவர். திருமணமான நாளிலிருந்து அவர் முன்னே, அவள் ஒரு கூப்பிடு தூரம் பின்னே. வீட்டில் ஆணிகளை எல்லாம் அவர் தன் உயரத்துக்கு அடித்து வைத்திருந்தார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அவள் சுவரோரம் நுனிக்காலில் நின்று, "எட்டல. எறக்கிக் குடு" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, புரட்டாசியில், ராமக்கா தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. சோறு இறங்கவில்லை. "ஈரல்காளான் மோந்து பாக்கணும் போல இருக்குது" என்றாள். தீர்த்தன் அன்றைக்கே மலையேறினார். புற்றோரம் முளைத்திருந்தது ஒரு கைப்பிடிதான், ஆத்தாக்காளானோடு சேர்த்து. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எல்லாவற்றையும் பறித்தார். இலையும் கவிழ்க்கவில்லை, வர்றோம் என்றும் சொல்லவில்லை.

வார்டில் அவள் கூடையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பிறகு கூடையைத் திருப்பித் தந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டீக்கடைக்காரம்மாவிடம் கெஞ்சிக் குழம்பாக்கிக் கொண்டுவந்தார். அவள் கேட்டாள்:

"ஆத்தாவ வுட்டுட்டு வந்தாச்சா?"

"வுட்டுட்டு வந்தாச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். இரண்டு வாய் சாப்பிட்டாள். நான்காம் நாள் போய்விட்டாள். அவளுடைய சாமான்கள் ஒரு மஞ்சப்பையில் வந்தன. தீர்த்தன் அதை உயரத்து ஆணியில் மாட்டினார். மாட்டியதோடு சரி, ஒரு நாளும் இறக்கவில்லை. அடுத்த வருடம் காளான் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. கடைசி ஆத்தாவைப் பறித்த ஆளையே அரசாங்கம் அந்த இடத்துக்குக் காவல் போட்டது. அரசாங்கத்துக்கு அது தெரியாது. தீர்த்தனுக்குத் தெரியும். தினமும் 'இல்லை' என்று எழுதும்போதெல்லாம் தெரியும்.

இந்த வருடம் புரட்டாசி பிறந்ததும் ஒரு சாயங்காலம் மலையே இரண்டாகப் பிளக்கிற மாதிரி இடித்துப் பெய்தது. விடிந்ததும் தீர்த்தன் வேலிக்குள் போனார். புற்று நனைந்து சும்மா நின்றது. 'இன்று காளான் இல்லை' என்று எழுதி, புள்ளி வைத்து, கதவைப் பூட்டித் திரும்பினார். வேலிக்கு வெளியே, கதவிலிருந்து புறப்பட்ட மாதிரி, ஆறு ஈரல்காளான்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன.

தீர்த்தன் விசிலை எடுத்து ஊதினார். மூன்று வருடத்து மூச்சும் அதில் போனது. அரூர் பஸ் ஸ்டாண்டில் கிளம்பிய பஸ் ஒன்று அந்தச் சத்தத்துக்கு நின்றுவிட்டது, கண்டக்டர் தான் ஊதவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

மத்தியானத்துக்குள் முருகேஷும் பானுமதியும் வந்துவிட்டார்கள். பானுமதி மண்ணில் குப்புறப் படுத்து காளானைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. முருகேஷ் வேலியைப் பார்த்தார்.

"வேலிக்குள்ளதானங்க மொளைக்கணும்? வெளிய மொளைச்சா ரேஞ்சருக்கு என்னன்னு எழுதறது?"

"காளானுக்கு நீங்க நோட்டீஸ் குடுத்தீங்களா சார்?" என்றாள் பானுமதி படுத்தபடியே.

"ஏம்மா, எந்தப் பக்கம் போவுதுன்னு ஒரு கட்டம் இருக்குது இந்த ஃபாரத்துல. காளானுக்குப் பக்கம் உண்டா?"

பானுமதி உற்றுப் பார்த்தாள். "இருக்குதுங்க. குடையெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. கீழ்ப்பக்கம். ஊரப் பாத்து."

மறுநாள் முந்தைய ஆறும் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. அவை விட்ட இடத்திலிருந்து புதிதாக இருபது. பானுமதி டேப்பைப் பிடித்து அளந்தாள். அளந்ததையே மறுபடி அளந்தாள்.

"தீர்த்தண்ணா, இதப் பாருங்களேன். ஒரு எட்டு நீளம், ஒரு எட்டு குட்டை. குட்டை எட்டுல நிக்கிறது எல்லாம் உள்ளுக்குத் திரும்பி நிக்குது. மண்ணுக்குள்ள பூஞ்சை இழை இப்படியெல்லாம் போவாதே. இந்த மாதிரி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

முப்பத்தைந்து வருடம் பார்த்திருந்தார், திரும்பித் திரும்பி. பொய் வராத ஆளுக்கு வாயை மூடிக்கொள்வது ஒன்றுதான் வழி. ஆனால் அவருடைய முதுகில் நனைந்த துணியைப் போட்ட மாதிரி இருந்தது. கேட்க வருகிறாள். அவருக்குச் சந்தேகமே இல்லை. மூன்று வருடம் யோசித்துவிட்டு, இன்னொரு தரம் கேட்பதற்கு நடந்து வருகிறாள்.

நாலாம் நாள் வரிசை ஓடையைத் தாண்டியது. ஓடைக்கு நடுவில் இருந்த கல்லின்மேலும் ஒன்று முளைத்திருந்தது. அந்தக் கல்லை அங்கே போட்டவள் ராமக்கா, தன் குட்டை எட்டுக்காக. ஆறாம் நாள் சாமைக்கொல்லை வந்தது. கொல்லையில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை, வரப்போரமாகவே போயிருந்தது. எட்டாம் நாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு தீர்த்தன் அந்த வழியாக வந்தார். எது கிடைத்தாலும் மேய்கிற ஆடுகள் காளானை மோந்துகூடப் பார்க்கவில்லை. வரிசைக்கு வலப்பக்கமாக ஒதுங்கி, வழிவிட்டு நின்றன. ராமக்கா வரும்போது அவை ஒதுங்குவது அந்தப் பக்கம்தான். எல்லா ஆடும் தலையை நிமிர்த்தி ஒரே உயரத்தில் எதையோ பார்த்தன. குள்ளமான ஒரு ஆளின் முகம் இருக்கும் உயரம்.

ஒன்பதாம் நாள் தீர்த்தனின் வாசலில் மூன்று.

முருகேஷ் கயிறு கட்டிவிட்டார். 'அழிந்துவரும் இனம். அனுமதியின்றி நுழைவது தண்டனைக்குரியது' என்று ஒரு பலகையும் தொங்கியது. "உங்க வூடுதாங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இப்ப அது காளானோட எடம். உள்ள போறதுன்னா ஒரு மனு எழுதிக் குடுங்க."

"யாருகிட்டங்க குடுக்கணும்?"

"காவலர் மூலமாத்தான். உங்ககிட்டதான்."

தீர்த்தன் தனக்குத்தானே மனு எழுதவில்லை. உள்ளே போகாமலிருக்கக் காரணம் கிடைத்தது நிம்மதியாகவே இருந்தது. கீழ்வீட்டில், தம்பி வீட்டில் தங்கிக்கொண்டார். தம்பி மனைவி சோபனா கூழை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"மாமா, எந்தப் பொம்பளையும் செத்ததுக்கப்புறம் வந்து புருசன வூட்ட வுட்டு வெளியேத்துனதில்ல. எங்கக்கா கெட்டிக்காரி."

"ஏம்மா, நீயுமா தடத்தப் பாத்த?"

"மலையே பாத்துருச்சு. அந்த ஆராய்ச்சிப் பொண்ணுக்கும் வனவருக்கும்தான் அளந்து பாத்தும் தெரியல." பிறகு சிரிக்காமல் கேட்டாள். "அக்காவுக்கு என்ன மாமா வேணும்? கேளேன்."

"தெரியும்மா" என்றார் தீர்த்தன். கூழைத் தள்ளி வைத்தார்.

பதினோராம் நாள் விடிந்ததும் பானுமதி ஓடி வந்தாள். "அண்ணா, கதவுக்கு அடியில போயிடுச்சு. நீங்க வந்து தொறக்கணும்."

கதவைத் திறந்ததும் மழையும் மிளகும் முகத்தில் அடித்தன. மண் தரையில் ஈரல் நிற வரிசை அடுப்புப் பக்கம் போகவில்லை. அவர் படுக்கிற பாய்ப் பக்கமும் போகவில்லை. நேராகச் சுவருக்குப் போயிருந்தது. சுவரடியில் காளான் வேறு மாதிரி முளைத்திருந்தது. குடைகள் பட்டாணி அளவு. கட்டைவிரல் மாதிரி ஒன்று, அதை ஒட்டி இறங்குவரிசையில் நான்கு. பக்கத்தில் மறுபடியும் ஐந்து, அவை உள்பக்கமாகத் திரும்பி நின்றன. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

நுனிக்கால்.

தீர்த்தன் மேலே பார்த்தார். உயரத்து ஆணியில் மஞ்சப்பை தொங்கியது. காற்று இல்லை. பையின் அடிப்பாகம் மட்டும், விரல் நுனி பட்டுப் பட்டு நழுவுகிற மாதிரி, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"எட்டலியா" என்றார் தீர்த்தன்.

பானுமதி அவரைப் பார்த்தாள். அவர் கையை நீட்டிப் பையை இறக்கினார். ஆட்டம் நின்றது. தரையில் உட்கார்ந்து, மூன்று வருடம் தொடாத முடிச்சை அவிழ்த்தார். ஒரு டம்ளர், சீப்பு, மாத்திரை அட்டை, நாலு கண்ணாடி வளையல், மடித்த சேலை. சேலை முந்தானையில் ஒரு முடிச்சு. அதற்குள் காய்ந்த மந்தாரை இலை. ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக்காரர் பொட்டலம் கட்டிய இலையாக இருக்கும். இலைக்குள், வற்றி மரப்பட்டை போல இறுகி, ஓரம் கிழிந்த பெரிய குடை ஒன்று இருந்தது.

கூடையை மடியில் வைத்து முகர்ந்தாளே, அப்போதே எடுத்திருக்கிறாள். எண்ணக் கூடாது என்பதால் அவரும் எண்ணவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு, இரண்டு வாய் சாப்பிட்டும் இருக்கிறாள். குணமாகி மலையேறினால் தானே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று முடிந்து வைத்தாள். முடியவில்லை. அவர் அதை அவளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட்டார்.

"அண்ணா, இது..." பானுமதி பக்கத்தில் வந்து குனிந்தாள். "இது எங்க கெடைச்சுது?"

"நான்தாங்க புடுங்குனேன். கடைசி ஆத்தா. இதுக்கப்புறம் மொளைக்கல. வேனு வந்து அழிச்சுது, மழ இல்லாம அழிஞ்சுதுன்னு நீங்க புக்குல எழுதுனீங்களே, அதுல என் பேரையும் எழுதிக்கோங்க. அவகிட்ட வுட்டுட்டு வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். பொய்."

பானுமதியின் கைக்குள் இருந்திருக்க வேண்டியது அது. உலகத்திலேயே ஒன்றே ஒன்று, ஆய்வகத்துக் கண்ணாடிக் குப்பிக்குப் போக வேண்டியது. அவள் சுவரடியில் இருந்த பத்து விரல்களைப் பார்த்தாள். பையிலிருந்து சின்னக் காகிதத்தை எடுத்தாள், குடையின் ஓரத்தில் நகக்கண் அளவு கிள்ளி மடித்துக்கொண்டாள்.

"எனக்கு இவ்வளவு போதுங்க. இதுல விதைத்தூள் உசிரோட இருக்குமான்னு பாக்கறேன். மிச்சம் அவங்களுது."

வேலிக்குள் எதையும் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பது விதி. அன்றைக்கு முருகேஷ் வாசலில்தான் நின்றார். தீர்த்தன் எதையோ பொத்திக்கொண்டு பானுமதியோடு போவதைப் பார்த்ததும், தன் பைக்கில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் காற்று பார்த்தார்.

தீர்த்தன் புற்றோரம் மண்ணைக் கையால் விலக்கி, ஆத்தாக்காளானை வைத்தார். மழை தூறியது. பச்சை மந்தாரை இலையைக் கவிழ்த்தார். "இருந்துக்கோ ஆத்தா" என்றார். மேலே பேச வரவில்லை. இதற்குப் பிறகு சொல்ல வேண்டியதை மூன்று வருடமாக நெஞ்சில் வைத்திருந்து, இப்போது சொல்லப் பயமாக இருந்தது. அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காளான் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டுச் சுவரடியில் விரல்களும் சுருங்கிப்போயின. முருகேஷ் கயிற்றை அவிழ்த்தார், பலகையைக் கழற்றி பைக்கில் கட்டிக்கொண்டார். தீர்த்தன் நோட்டில் பழைய வாசகத்தை எழுதினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி இடித்தது.

விடிந்ததும் வேலிக்குள் கால் வைக்க இடமில்லை. புற்றைச் சுற்றி ஈரல் நிறம். கம்பியோரம் வரைக்கும் ஈரல் நிறம். கவிழ்த்த மந்தாரை இலை தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நின்றது. அதற்கு அடியிலிருந்த ஆத்தா அதைத் தலையில் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தாள். பானுமதி கையில் நோட்டை வைத்துக்கொண்டு, எண்ணாமல் நின்றாள்.

முருகேஷ்தான் அதைப் பார்த்தார். "என்னங்க இது, இங்க ரெண்டு வரிசை வருது?"

தீர்த்தனின் வீட்டு வாசலிலிருந்து, சாமைக்கொல்லை வரப்பிலும் ஓடைக் கல்லிலும் ஏறி, வேலிக் கதவு வழியாகப் புற்றுக்கு வந்திருந்தது தடம். குடைகள் எல்லாம் புற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஒரு வரிசை நீள எட்டும் குட்டை எட்டுமாக இருந்தது. இன்னொன்றில் பெரிய குடைகள், அகலப் பாதத்துக்கு ஏற்ற அளவு. அந்தப் பெரிய குடைகள் முன்னால் ஓடவில்லை. குட்டை எட்டுக்குக் குட்டையாகவும் நீள எட்டுக்கு நீளமாகவும் பக்கத்திலேயே வந்திருந்தன. ராமக்கா உயிரோடிருந்த வரைக்கும் தீர்த்தன் ஒரு நாளும் அப்படி நடந்ததில்லை.

"போன தடம் இருக்குது" என்றார் முருகேஷ், குனிந்து தேடிக்கொண்டே. "திரும்புன தடத்தக் காணமே. ரெண்டுல ஒண்ணுகூடத் திரும்பல."

பானுமதி தீர்த்தனின் காலைப் பார்த்தாள். பெரிய குடை ஒன்றின் பக்கத்தில்தான் அவருடைய பாதம் இருந்தது. அளக்காமலேயே அவளுக்குத் தெரிந்தது. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"ரெண்டாவது வரிசைய எழுதிட்டீங்களா?" என்று தீர்த்தன் கேட்டார்.

"எழுதலீங்கண்ணா."

"எழுத வேணாம். அது நான் இன்னும் நடக்காத தடம். அவ எப்பவும் அவசரக்காரிதான். நான்தான் வேகமா நடக்கறவன்னு எல்லாரும் நெனச்சுட்டிருந்தாங்க."

அவர் நோட்டைத் திறந்து, 'இன்று காளான் உண்டு' என்று எழுதினார். புள்ளி வைக்கவில்லை. பிறகு ஆத்தாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அவள் தலையிலிருந்த இலையைச் சரியாக வைத்தார். அன்றைக்கு விட்ட மிச்சத்தைச் சொன்னார். வாழ்நாள் முழுக்க வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுத் திரும்பிய வார்த்தைதான் அது. இப்போது யாரோ பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்ததால், நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"வர்றோம்."

கீழே இறங்கும்போது அவர் மிக மெதுவாக நடந்தார்.